கரியமில வாயுவை மாற்றும் வினையூக்கிகள்: ‘மறுபடியும் பயன்படுத்தலாம்’ என்றால் என்ன?

கார்பன் டை ஆக்சைடைப் பயனுள்ள வேதிப்பொருளாக மாற்றும் புதிய வினையூக்கியைக் கண்டுபிடித்திருப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. அதன் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘இந்த வினையூக்கியை ஐந்து முறை மறுபடியும் பயன்படுத்த முடிந்தது.’ படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ அந்தச் செய்தியில் முதலில் படிக்க வேண்டிய வரியே அதுதான் என்று தோன்றும். ஆய்வகக் குடுவைக்குள் நடந்த ஒன்று தொழிற்சாலை வரை வருமா என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. ஆளை ஏமாற்றவும் அந்த வரியைப் போல வசதியானது வேறில்லை.

முதலில், இந்த வாயுவை மாற்ற வினையூக்கி எதற்கு? கார்பன் டை ஆக்சைடு என்பது எரிந்து முடிந்த பொருள். நிலக்கரியோ பெட்ரோலோ விறகோ தன்னிடமிருந்த ஆற்றலைக் கொடுத்துத் தீர்த்த பிறகு மிஞ்சுவது அது. நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜன், மூன்றும் ஒரே நேர்கோட்டில், வலுவான இரட்டைப் பிணைப்புகளோடு இருக்கும். எதனோடும் அவ்வளவு எளிதில் சேராது. அதை மறுபடி எரிபொருளாகவோ பிளாஸ்டிக்காகவோ ஆக்க வேண்டுமென்றால் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். இழந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் போன்ற ஆற்றல் மிகுந்த ஒரு துணை வேண்டியிருக்கும். அப்புறம், வினை நியாயமான வெப்பத்தில், நியாயமான நேரத்தில் நடக்க ஒரு வழி வேண்டும். வினையூக்கி செய்வது இரண்டாவது வேலையை மட்டும்தான். எவ்வளவு திறமையான வினையூக்கியாக இருந்தாலும் ஆற்றல் கணக்கில் ஒரு பைசா தள்ளுபடி வாங்கித் தராது. செய்திகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது சகஜம்.

வினையூக்கியே தேவைப்படாத வழிகளும் உண்டு. உலகிலேயே மிக அதிகமாகக் கரியமில வாயுவை உட்கொள்ளும் வேதிப்பொருள் யூரியா. அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் உயர் அழுத்தத்தில் சூடாக்கினால் போதும். ஒரு டன் யூரியாவுக்குள் சுமார் 0.73 டன் கரியமில வாயு போய்விடும். தூத்துக்குடியில் ஒரு காரத் தொழிற்சாலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) செய்யும் ஏற்பாட்டை 2016இல் தொடங்கியது. அதுவும் வினையூக்கி இல்லாத வழிதான். ஆனால் இப்படிச் சுலபமாகச் சேரும் கூட்டாளிகள் கொஞ்சம்தான். மற்ற எல்லாவற்றுக்கும் வினையூக்கி வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு எளிய வினையில் பார்க்கலாம். எத்திலீன் ஆக்சைடு என்று ஒரு வாயு. இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம். அவ்வளவு சிறிய வளையத்துக்குள் பிணைப்புகளை வளைத்து வைத்திருப்பதால் அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும். திறந்துகொள்ள ஒரு சாக்கு கிடைத்தால் போதும். தேவையான ஆற்றல் அந்த விறைப்பிலிருந்தே கிடைத்துவிடுவதால் ஹைட்ரஜன் தேவையில்லை. இதன் மூலக்கூறு எடை 44. கார்பன் டை ஆக்சைடின் எடையும் 44. இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது 88 எடையுள்ள எத்திலீன் கார்பனேட். அதாவது பொருளின் எடையில் சரிபாதி கரியமில வாயு. சமன்பாட்டின்படி பக்கவிளைபொருள் என்று எதுவும் இல்லை. நம் செல்போனில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரிக்குள் ஊற்றப்படும் திரவத்தில் இது முக்கியமான சேர்மானம். ஜப்பானின் அசாஹி கசேய் நிறுவனம் இதே எத்திலீன் கார்பனேட் வழியாகப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் செய்யும் முறையை உருவாக்கியது. முதல் ஆலை 2002இல் தைவானில் ஓடத் தொடங்கியது. வழக்கமான முறையில் பாலிகார்பனேட் செய்ய ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு வேண்டும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு.

இந்த வினைக்கு ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் வினையூக்கிகளில் ஒன்று டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு. பெயர்தான் நீளம், பார்க்க வெறும் வெள்ளை உப்பு. அதிலுள்ள புரோமைடு அயனி முக்கோண வளையத்தின் ஒரு கார்பனைத் தாக்கி வளையத்தைத் திறக்கும். திறந்த முனையில் எதிர்மின்சுமையோடு ஓர் ஆக்சிஜன் நிற்கும். அந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடின் நடுக் கார்பனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சங்கிலியின் மறுமுனை சுற்றிவந்து, புரோமைடைத் தள்ளிவிட்டு, ஐந்து அணுக்கள் கொண்ட புதிய வளையமாக மூடிக்கொள்ளும். தள்ளிவிடப்பட்ட புரோமைடு அடுத்த மூலக்கூறைத் தேடிப் போகும். துத்தநாகம் போன்ற ஓர் உலோகமும் கூட இருந்தால் அது வளையத்தின் ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துப் பிணைப்பைத் தளர்த்தும்; வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

மூலக்கூறு அளவில் பார்த்தால் வினையூக்கி என்றாலே மறுபடி மறுபடி பயன்படுவதுதான். ஒரே புரோமைடு ஆயிரம் தடவை போய்வரும். பிறகு ‘மறுபடியும் பயன்படுத்தலாம்’ என்று தனியாக ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்?

வினை முடிந்ததும் குடுவையில் விளைபொருளும் வினையூக்கியும் கலந்து கிடக்கின்றன. சிக்கலே அங்கேதான். ரசத்தில் உப்பும் இருக்கிறது, கறிவேப்பிலையும் இருக்கிறது. கறிவேப்பிலையைக் கரண்டியால் எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுக்க முடியாது. நம்மூரில் கறிவேப்பிலையை எடுப்பது தூக்கி எறிவதற்கு. வேதியியலாளர் எடுப்பது அடுத்த ரசத்தில் போடுவதற்கு. கரைந்திருக்கும் வகையை ஒருபடித்தான வினையூக்கி என்றும், திடப்பொருளாகத் தனித்து நிற்கும் வகையைப் பலபடித்தான வினையூக்கி என்றும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கரைந்தவை பொதுவாக வேகமும் துல்லியமும் உள்ளவை, ஏனென்றால் ஒவ்வொரு மூலக்கூறும் வேலையில் இறங்கும். திடப்பொருளில் பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பவை மட்டுமே உழைக்கும். ஆனால் வடிகட்டி எடுத்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடு ஆய்வில் பாதிச் சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

எத்திலீன் கார்பனேட்டில், விளைபொருளை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, அடியில் தங்கும் உப்பை மறுபடி எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் அந்த அம்மோனியம் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து அமீன் என்ற வேறு சேர்மமாகிவிடும். அதனால் அந்த உப்பை ஏதாவது ஒரு திடப்பொருளோடு வேதிப்பிணைப்பால் கட்டிப்போடும் யோசனை வந்தது. பாலிஸ்டைரீன் மணிகளில் கட்டலாம். தண்ணீர் சுத்திகரிப்பில் பயன்படும் அயனிப் பரிமாற்றப் பிசினும் இதே குடும்பம்தான். சிலிக்காத் துகள்மேல் கட்டலாம். இரும்பு ஆக்சைடு நுண்துகளைச் சுற்றிச் சிலிக்கா உறை போட்டு அதன்மேல் கட்டினால், வினை முடிந்ததும் குடுவைக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் போதும். கறுப்புத் தூள் எல்லாம் ஓரமாக வந்து ஒட்டிக்கொள்ளும். திரவத்தைச் சாய்த்து ஊற்றிவிடலாம். பார்க்க அழகான காட்சி. ஆய்வுக் கட்டுரைகளில் அந்தக் காந்தப் படம் தவறாமல் இடம்பெறுவதில் ஆச்சரியமில்லை.

உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துக் கட்டிய நுண்துளைப் படிகங்கள் இன்னொரு வகை. 2025இல் கிடாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இவற்றுக்காகத்தான். துளைகள் கரியமில வாயுவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், சுவரிலுள்ள உலோகம் வினையை நடத்தும் என்பது எதிர்பார்ப்பு. பல வினைகளில் அது நடக்கவும் செய்கிறது. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு ஈரம் ஆகாது, கட்டமைப்பே குலைந்துபோகும். ஆலைப் புகையில் ஈரம் இல்லாமல் இருக்குமா?

இனி அந்த ‘ஐந்து முறை’ கணக்கைப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 5 சதவீதம் வினையூக்கி வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சுற்று முடிந்தால் 77 சதவீதம் மிஞ்சும். பரவாயில்லை என்று தோன்றும். இருபது சுற்று முடிந்தால் 36 சதவீதம். நூறு சுற்றில் ஒரு சதவீதம்கூட இருக்காது. இழப்பை ஒரு சதவீதமாகக் குறைத்தாலும் நூறு சுற்றுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கையில் இருக்கும். ஆலைக்கு நூறு சுற்றெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஒரு சுற்றின் இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்தான் பேச்சே தொடங்கும். ஐந்து சுற்றுச் சோதனையில் இவ்வளவு சிறிய இழப்பைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும்.

இன்னொரு சூட்சுமம் இதைவிட மோசம். ஒரு வினை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் ஒவ்வொரு சுற்றையும் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறார். முதல் சுற்றில் 99 சதவீத விளைச்சல், இரண்டாவதில் 99, ஐந்தாவதிலும் 98. பட்டை வரைபடத்தில் ஐந்து பட்டைகளும் ஒரே உயரம். ஆனால் இதற்குள் வினையூக்கியின் பெரும்பகுதி செத்துப்போயிருந்தாலும் பட்டையின் உயரம் குறையாது. மிச்சமிருப்பது மெதுவாக வேலை செய்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எப்படியோ முடித்துவிடும். வேலை முடிந்ததா என்று பார்த்தால் போதாது. எவ்வளவு வேகத்தில் நடந்தது என்று பார்க்க வேண்டும். வினை பாதிகூட முடியாத ஆரம்பக் கட்டத்தில் ஒவ்வொரு சுற்றின் வேகத்தையும் அளந்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இதைச் செய்யாத கட்டுரையில் ஐந்து பட்டை இருந்தாலும் ஒன்றுதான், பத்து பட்டை இருந்தாலும் ஒன்றுதான் என்பது என் கருத்து.

கைவேலையிலும் தொல்லைகள் உண்டு. சோதனையில் போடுவது ஐம்பது மில்லிகிராம் தூள். ஒவ்வொரு முறையும் வடிதாளில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், குடுவையின் சுவரில் கொஞ்சம். விளைச்சல் குறைந்தால் வினையூக்கி களைத்துவிட்டதா, கை நழுவிப் போனதா என்று பிரித்துச் சொல்வது கடினம். காந்தக் குச்சி போட்டு இரவு முழுதும் கலக்கினால் பாலிஸ்டைரீன் மணிகள் அரைபட்டு மாவாகும். அப்புறம் எங்கே வடிகட்டுவது?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய திருட்டு கரைந்து கசிவது. திடப்பொருளில் கட்டிய உலோகமோ புரோமைடோ மெல்லக் கழன்று திரவத்துக்குள் போய்விடும். வேலையைச் செய்வது கரைந்துபோன அந்தப் பகுதியாக இருக்கும். பேர் வாங்குவது வடிகட்டியில் மிஞ்சிய தூளாக இருக்கும். இதைப் பிடிக்க ஒரு பழைய, மலிவான சோதனை உண்டு. வினை பாதியில் இருக்கும்போதே, சூடு ஆறுவதற்குள், திடப்பொருளை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். தெளிந்த திரவத்தை அதே வெப்பத்தில் தொடர விட வேண்டும். வினை அத்தோடு நின்றால் திடப்பொருள்தான் உண்மையான உழைப்பாளி. தொடர்ந்து நடந்தால் குட்டு வெளிப்பட்டுவிட்டது. சூடாக வடிகட்டுவது முக்கியம். ஆற விட்டால், கரைந்திருந்தது மறுபடியும் திடப்பொருளின்மேல் படிந்து, ஒன்றும் நடக்காதது போல் காட்டிவிடும்.

வினையூக்கியைப் பிரிக்க முடியாவிட்டால் பணம்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சில நேரம் விளைபொருளே கைக்கு வராது. ஃபார்மிக் அமிலம் இதற்கு நல்ல உதாரணம். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஃபார்மிக் அமிலம். தோல் பதனிடவும், ரப்பர் பாலை உறைய வைக்கவும், கால்நடைத் தீவனத்தைப் பாதுகாக்கவும் பயன்படும். 2009இல் ஜப்பானில் நொசாகியின் குழு ஓர் இரிடியம் சேர்மத்தைக் கொண்டு இதன் உப்பைத் தயாரித்தது. ஒவ்வொரு இரிடியம் அணுவும் 35 லட்சம் மூலக்கூறுகளை உருவாக்கிக் கொடுத்தது. ஒரு வினையூக்கி மூலக்கூறு சாவதற்குள் எத்தனை முறை உழைக்கிறது என்ற இந்த எண்தான், என்னைக் கேட்டால், சுற்றுகளின் எண்ணிக்கையைவிட நேர்மையான அளவுகோல்.

ஆனால் வினையூக்கி ஒரு திசையில் மட்டும் கதவைத் திறப்பதில்லை. முன்னோக்கிப் போகும் வினையை வேகப்படுத்தும் அதே பொருள், பின்னோக்கிப் போவதையும் வேகப்படுத்தும். வினை முடிந்து, அழுத்தத்தைத் தளர்த்தி, அமிலத்தைக் காய்ச்சி எடுக்கலாம் என்று சூடாக்கினால், கூடவே இருக்கும் வினையூக்கி அமிலத்தை மறுபடி கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்க ஆரம்பித்துவிடும். பாடுபட்டுச் செய்தது குமிழியாகப் போகும். எனவே சூடாக்குவதற்கு முன்பே வினையூக்கியை வெளியே எடுத்தாக வேண்டும். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவன ஆய்வாளர்கள் 2011இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள்: ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள். ருத்தேனியம் வினையூக்கி எண்ணெய் போன்ற அமீன் அடுக்கில் தங்கிவிடும். ஃபார்மிக் அமிலம் ஆல்கஹால் வகை அடுக்குக்குப் போய்விடும். அடுக்குகளைப் பிரித்து, வினையூக்கி உள்ளதை அப்படியே உலைக்குத் திருப்பி அனுப்பலாம். கரைந்த வினையூக்கியையும் மீட்கலாம் என்பதற்கு இது சாமர்த்தியமான வழி.

பெரிய ஆலைகளில் கதை வேறு. அங்கே யாரும் வடிதாளோடு நிற்பதில்லை. ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்ஸெங்கியில், புவிவெப்ப மின்நிலையத்தின் பக்கத்திலேயே, 2012இல் ஒரு மெத்தனால் ஆலை தொடங்கியது. மெத்தனால் என்பது எரிபொருளாகவும் பயன்படும் ஒரு ஆல்கஹால்; அங்கே அதைக் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் செய்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகு விரிவாக்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 4,000 டன் ஆனது. அதை அமைத்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலேயே 2022இல் சீனாவின் அன்யாங்கில் 1,10,000 டன் திறனுள்ள ஆலை வந்தது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில், நாளொன்றுக்கு 20 டன் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும் அமைப்பைப் பொதுத்துறை மின் நிறுவனமான என்டிபிசி 2022இல் நிறுவியது. நோக்கம் அதே மெத்தனால்தான்.

மெத்தனாலுக்கு வழக்கமான வினையூக்கி செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த சிறு வில்லைகள். 1960களில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் வழக்கமான மெத்தனால் தயாரிப்புக்காகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குடும்பம் இது. வில்லைகளைக் குழாய்களில் நிரப்பி, 200 முதல் 300 டிகிரி செல்சியஸில், ஐம்பது முதல் நூறு மடங்கு காற்றழுத்தத்தில் வாயுவை உள்ளே விடுவார்கள். வினையூக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். வாயுதான் வந்து போகும். ஒரு தடவை போகும்போது வாயுவில் ஒரு பகுதிதான் மெத்தனாலாகும். அதைக் குளிரவைத்துத் திரவமாக எடுத்துக்கொண்டு, மீதி வாயுவைச் சுற்றுக்கு அனுப்புவார்கள். இங்கே எத்தனை முறை என்ற கேள்விக்கே பொருளில்லை, எத்தனை ஆண்டு என்றுதான் கேட்பார்கள். ஒரு நிரப்பல் சில ஆண்டுகள் தாங்கும்.

அதற்குப் பிறகு ஏன் சாகிறது? செம்பு நுண்துகள்கள் வெப்பத்தில் மெல்ல நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும், மேற்பரப்பு குறையும். அதனால்தான் 300 டிகிரிக்கு மேல் போகப் பயப்படுகிறார்கள். கந்தகம் இன்னொரு எமன். மிகச் சிறிய அளவு கந்தகம்கூடச் செம்போடு ஒட்டிக்கொண்டு இடத்தைவிட்டு நகராது, குளோரினும் அப்படித்தான். நிலக்கரிப் புகையில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால், வாயுவைச் சுத்தம் செய்யும் பகுதி தவறினால் வினையூக்கி பிழைக்காது. மூன்றாவது, கார்பன் டை ஆக்சைடு வழிக்கே உரிய தொல்லை: தண்ணீர். இந்த வழியில் ஒவ்வொரு மெத்தனால் மூலக்கூறோடும் ஒரு தண்ணீர் மூலக்கூறு பிறக்கும். ஒரு டன் மெத்தனாலுக்கு அரை டன்னுக்கும் மேல் தண்ணீர். உயர் வெப்பத்தில் அந்த நீராவி, செம்பும் துத்தநாக ஆக்சைடும் திரண்டு பெருப்பதை வேகப்படுத்தும். ஐம்பதாண்டு அனுபவமுள்ள வினையூக்கிதானே, அப்படியே போட்டுவிடலாம் என்று நினைத்தவர்களுக்குத் தண்ணீர் தந்த பாடம் இது. செத்த வில்லைகளைத் தூக்கி எறிவதில்லை. செம்பையும் துத்தநாகத்தையும் பிரித்தெடுக்க அனுப்புவார்கள்.

ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கார்பன் டை ஆக்சைடும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஆக ஒரு டன் மெத்தனாலுக்கு ஹைட்ரஜனுக்கு மட்டுமே 9,500 யூனிட் மின்சாரம். அந்த மெத்தனாலுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றலோ சுமார் 5,500 யூனிட். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் வினையூக்கி நூறு ஆண்டு உழைத்தாலும் பயனில்லை. உலகம் ஆண்டுக்குச் செய்யும் 11 கோடி டன் மெத்தனாலையும் இப்படியே செய்தாலும் உள்ளே போவது 15 கோடி டன் கரியமில வாயு. எரிபொருள்களிலிருந்து நாம் வெளிவிடுவதோ 3,700 கோடி டன் அளவில்.

வினையூக்கியை மீட்கவே வேண்டாம் என்று முடிவெடுத்த தொழிலும் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் டோர்மாகனில் கோவெஸ்ட்ரோ நிறுவனம் 2016இல் தொடங்கிய ஆலை, மெத்தை நுரைக்கான மூலப்பொருளைச் செய்கிறது. அதன் எடையில் சுமார் 20 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு. இந்த வகைத் தயாரிப்புக்கென்று துத்தநாகமும் கோபால்ட்டும் கொண்ட சயனைடு வினையூக்கிகள் உண்டு. பத்து லட்சம் பங்கு பொருளுக்குச் சில பத்து பங்கு போட்டாலே வினை நடந்துவிடும். அவ்வளவு சொற்பத்தை வடிகட்டப் போனால் வடிகட்டும் செலவுதான் மிஞ்சும். அதனால் நுரைக்கான அந்தத் திரவத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.